பொறுமை மருந்தாகாது

செங்காங் வட்டாரத்தில் 2018ஆம் ஆண்டு முதல் பொது மருத்துவமனை இயங்குகிறது. லிட்டில் இந்தியாவை அடுத்துள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையோ 1924 முதல் மகளிர்க்குப் பேறு பார்த்து வருகிறது. 1966இல் மட்டும் அங்கே 39,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. மருத்துவம் இத்துணை அருகில் இருந்தும், மாதந்தோறும் அடிவயிற்று வலியால் துடிக்கும் மகளுக்கு அடுக்குமாடி வீட்டில் கிடைக்கும் மருந்து யாது? "பொம்பளைப் பிள்ளை பொறுத்துக்கொள், கல்யாணமானால் சரியாகிவிடும்!" இஃது அறிவுரை அன்று; அறியாமை.

மாதவிலக்கில் ஓரளவு வலி இயல்பே. ஆனால் மாத்திரைக்கும் அடங்காத வலி, பள்ளிக்குச் செல்லவிடாத வலி, மலசலம் கழிக்கையில் எழும் வலி ஆகியன இயல்பல்ல. எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயில், கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து, அழற்சியையும் தழும்பையும் உண்டாக்குகிறது. மகப்பேற்று வயதுப் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர், அதாவது உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பேர், இதற்கு ஆளாகின்றனர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். திருமணம் இதனைத் தீர்ப்பதில்லை. மாறாக, இந்நோய் குழந்தைப்பேற்றுக்கே தடையாகலாம். குடல், சிறுநீர்ப்பை, இடுப்புத் தசை ஆகியவற்றின் கோளாறுகளும் இதே வலியைத் தரக்கூடும். ஆகவே, ஊடொலிப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே வலி பொய்யாகிவிடாது.

இதில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். வேலை உண்டு. தீட்டு, தூரம், விலக்கு எனும் சொற்கள் பெண் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. அவள் என்ன உணர்கிறாள் என்பதைச் சொல்வதில்லை. ஆனால் குத்தல், குடைச்சல், கடுப்பு, இழுப்பு, உளைச்சல் என வலியை வகைபிரித்துச் சொல்லும் வளம் தமிழுக்கு உண்டு. எவ்வகை வலி, எப்போது, எங்கே, எத்தனை நாள் என்றே மருத்துவரும் கேட்கிறார். அவ்வினாவுக்கு விடை சொல்லத் தெரியாதவள் பல ஆண்டுகளை இழக்கிறாள்.

நாணம் பெண்ணுக்கு அணி என்பார் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். நோயை மறைக்கும் நாணம் அணியன்று, விலங்கு. வலியைச் சொல்லும் சொல்லை மாணவிக்குக் கற்பிப்பதும், அச்சொல்லை எள்ளாமல் கேட்கும் பண்பை மாணவனுக்குக் கற்பிப்பதும் தமிழ்ப்பணியே. வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் இடையே பயன்படாத மொழி, மேடையில் வாழ்ந்து என்ன பயன்?