எதிரி நாட்டுக்கு அரிசி விற்கப் போன எம்.பி.க்கள்! நம்ம எம்.பி. எங்கே?



கியூபா என்று ஒரு தீவு. அமெரிக்காவின் தெற்கு முனையில் நின்றால் கடலில் 145 கிலோமீட்டர்தான். அந்த இரண்டு நாடும் 60 வருஷத்துக்கு மேலாகப் பங்காளிச் சண்டை போல முறைத்துக்கொண்டு கிடக்கின்றன. "நெல்லுக்கு விலை கட்டலை, கரும்புக்குப் பாக்கி வரலை, செயலாளர் கியூபாவுக்குப் போயிட்டாரே" என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். விஷயம் நம்ம களத்துமேட்டுக்கே வருகிறது.

1959ல் அங்கே பிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார். அமெரிக்கக் கம்பெனிகளின் கரும்புத் தோட்டங்களை எடுத்துக்கொண்டார். பதிலுக்கு அமெரிக்கா 1960ல் கியூபா சர்க்கரையை வாங்குவதை வெட்டியது, 1961ல் தூதரக உறவை முறித்தது, 1962ல் கென்னடி மொத்த வியாபாரத்துக்கும் பூட்டுப் போட்டார். சோவியத் நாடு இருந்தவரை கியூபாவின் சர்க்கரை அங்கே போனது. 1991ல் அதுவும் விழுந்ததும் கியூபாவில் சோற்றுக்கே திண்டாட்டம். அந்த நேரத்தில் 1992ல் நம் நாட்டு மக்களிடம் திரட்டிய 10,000 டன் கோதுமை கப்பலேறிப் போனது. ஹர்கிஷன் சிங் சுர்ஜித் முன்னால் நின்று திரட்டினார். மத்திய அரசும் தன் பங்குக்குக் கொடுத்தது. அமெரிக்காவோ அதே 1992லும், பிறகு 1996லும் சட்டம் போட்டுக் கழுத்தை இன்னும் இறுக்கியது. 1996 சட்டத்தில் ஒரு முக்கியமான சங்கதி உண்டு. ஜனாதிபதி தனியாக நினைத்தால் கூட இந்தப் பூட்டை முழுசாகத் திறக்க முடியாது. பார்லிமெண்டு சம்மதிக்க வேண்டும். (அந்த ஊர் பார்லிமெண்டுக்குப் பெயரே காங்கிரஸ்தான். நம்ம ஊர்க் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம்.)

பூட்டுப் போட்டதில் யாருக்கு நஷ்டம்? கியூபா ஜனங்களுக்கு நஷ்டம், சரி. அமெரிக்க நெல் விவசாயிக்கும் நஷ்டம்தான். புரட்சிக்கு முன்னே அவன் அரிசிக்குக் கியூபா பெரிய சந்தை. கியூபாக்காரன் நம்மைப் போலத் தினம் சோறு தின்கிறவன். ஒரே நாளில் அந்தச் சந்தை போச்சு. அரசியல்காரன் கதவைச் சாத்தினான், மூட்டை விவசாயி வீட்டில் தேங்கியது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்தக் கதவைத் தட்டியவர்கள் கம்யூனிஸ்ட்டுகள் இல்லை. காஸ்ட்ரோவைக் கண்டாலே ஆகாத குடியரசுக் கட்சிக்காரர்கள்! 1999ல் இல்லினாய் மாநில கவர்னர் ஜார்ஜ் ரயன் கியூபாவுக்கே போனார். அவர் மாநிலம் மக்காச்சோளமும் சோயாவும் விளைகிற பூமி. (அங்கே கவர்னர் என்றால் ஓட்டு வாங்கி வருகிற முதலமைச்சர் மாதிரி.) வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த ஜார்ஜ் நெதர்கட் என்ற எம்.பி.யின் தொகுதியில் கோதுமையும் பட்டாணியும்தான் பிழைப்பு. கியூபாவுக்கு உணவுப் பொருள் விற்க அனுமதி வேண்டும் என்று அவர் சட்டம் கொண்டுவந்தபோது அவர் கட்சித் தலைமையே குறுக்கே நின்றது. மனுஷன் விடவில்லை. 2000 அக்டோபரில் கிளிண்டன் கையெழுத்துப் போட்டுச் சட்டமானது. அவருக்கு என்ன கியூபா மேல் பாசமா? தொகுதியில் மூட்டை விற்காவிட்டால் அடுத்த தேர்தலில் ஓட்டு விழாது என்ற பயம்! அந்தப் பயத்தை உண்டாக்கியது அந்த ஊர் விவசாய சங்கங்கள்.

ஆனால் திறந்தது அரைக் கதவுதான். கடன் கிடையாது, அமெரிக்க பேங்க் ஒரு பைசா கொடுக்காது, ரொக்கம் வைத்தால்தான் சரக்கு. அதைவிட மோசம், "நான் உனக்கு விற்பேன், உன் சரக்கை வாங்க மாட்டேன்" என்பது. நம்ம ஊர் மளிகைக்கடைக்காரன் கையில் காசை வாங்கிக்கொண்டு அரிசி போடுவான், நம்ம தோட்டத்து வாழைத்தாரை மட்டும் கடை வாசலில் இறக்க விடமாட்டான் என்றால் எப்படி இருக்கும்? அப்படி. இந்த நிபந்தனைக்குப் பணிந்து வாங்க மாட்டோம் என்று கியூபா முதலில் வீம்பாக இருந்தது. 2001 நவம்பரில் மிச்செல் புயல் அடித்து நாசம் பண்ணியது. இனாம் வேண்டாம், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். டிசம்பரில் மக்காச்சோளமும் உறைந்த கோழிக்கறியும் ஹவானா துறைமுகத்தில் இறங்கின. 2008ல் இந்த வியாபாரம் ஒரு வருஷத்துக்குச் சுமார் 71 கோடி டாலர் வரை போனது.

அரிசிக்காரன் பாடு மட்டும் தேறவில்லை. கப்பல் கிளம்பும் முன்பே பணம் வர வேண்டும் என்று 2005ல் அமெரிக்க நிதித்துறை புது முட்டுக்கட்டை போட்டது. பார்லிமெண்டு அதைப் பின்னால் தளர்த்தியது, ஆனால் கடன் தடை நின்றது. வியட்நாமோ உலகத்தின் மறு கோடியிலிருந்து தவணைக்கு அரிசி கொடுத்தது. பக்கத்து வீட்டு அமெரிக்க அரிசி 2008க்குப் பிறகு ஏறக்குறைய நின்றே போனது. அமெரிக்க நெல்லில் கிட்டத்தட்டப் பாதி விளைகிற ஆர்கன்சா மாநிலத்து எம்.பி. ரிக் கிராபோர்டு, இவரும் குடியரசுக் கட்சிதான், 2015ல் கடன் தடையை நீக்க மசோதா கொண்டுவந்தார். புளோரிடாவில் குடியேறிய கியூபாக்காரர்களின் எம்.பி.க்கள் மறித்தார்கள்.

லாபம் யாருக்கு என்று பார்த்தால், அதிகம் போனது உறைந்த கோழி. நாமக்கல், பல்லடம் பக்கம் கம்பெனிக்குக் கோழி வளர்க்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் அதே ஒப்பந்தப் பண்ணைதான். ஆக அந்த எம்.பி.க்களை நான் தூக்கிவைத்துப் பாடவில்லை. கியூபா விவசாயிக்கோ கிடைத்தது சொற்பம். 2015ல் தூதரகங்கள் திறந்து கொஞ்சம் இளகிய காலத்தில், 2017 ஜனவரியில் 40 டன் கரி அமெரிக்காவுக்கு விற்றார்கள். என்ன கரி தெரியுமா? நம்ம கரிசல் காட்டு விடத்தலை முள்மரம் அங்கே தரிசு நிலமெல்லாம் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டி மூட்டம் போட்ட கரி. அரை நூற்றாண்டில் அங்கிருந்து அமெரிக்காவுக்குச் சட்டப்படி போன முதல் சரக்குகளில் அது ஒன்று! அப்புறம் ட்ரம்ப் வந்து மறுபடி இறுக்கினார். 2025 ஜனவரியில் பைடன் கியூபாவைப் பயங்கரவாதப் பட்டியலிலிருந்து எடுப்பதாக அறிவித்தார், ஒரு வாரத்துக்குள் ட்ரம்ப் திரும்பச் சேர்த்தார்.

இப்போது நம்ம கதைக்கு வாருங்கள். அதே மாதிரிப் பட்டாணிச் சீமை எம்.பி.க்கள் இன்று நம் வாசலில் நிற்கிறார்கள். மஞ்சள் பட்டாணிக்கு இந்தியா 2025 நவம்பர் முதல் 30 சதவீத வரி போட்டது. 2026 ஜனவரியில் வடக்கு டகோட்டா, மொன்டானா மாநிலங்களின் செனட்டர்கள் இரண்டு பேர், வரியைக் குறைக்கச் சொல்லி இந்தியாவை நெருக்குங்கள் என்று ட்ரம்புக்குக் கடிதம் எழுதினார்கள். 2020லும் எழுதினார்களாம், அதை ட்ரம்ப் நம் பிரதமர் கையிலேயே கொடுத்தார் என்று அவர்களே சொல்கிறார்கள். மலிவுப் பட்டாணி வந்து குவிந்தால் நம்ம உளுந்து, துவரைக்கு என்ன விலை கிடைக்கும்? அவன் விவசாயிக்கு அவன் எம்.பி. பேசுகிறான். தப்பு சொல்ல முடியுமா?

நமக்கு யார் பேசுவது? நம் நாட்டில் வெளிநாட்டு வியாபார ஒப்பந்தத்துக்குப் பார்லிமெண்டில் ஓட்டெடுப்பே தேவையில்லை. மந்திரிசபை முடிவு பண்ணும், அதிகாரி கையெழுத்துப் போடுவார், நாம் பேப்பரில் படிப்போம். 1994ல் உலக வர்த்தக அமைப்பு ஒப்பந்தம் அப்படித்தான். 2009ல் ஆசியான் ஒப்பந்தமும் அப்படித்தான். கன்னியாகுமரி ரப்பர்க்காரனையும் பொள்ளாச்சி தென்னைக்காரனையும் யாராவது கேட்டார்களா? விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மாநிலத்தையும் கேட்பதில்லை. 2019 நவம்பரில் ஆர்.சி.இ.பி. ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியது. பால் விவசாயி முதல் எல்லோரும் தெருவில் நின்று கத்திய பிறகுதான்.

ஆகவே வருகிற கிராமசபையில் எல்லா ஊரிலும் ஒரு தீர்மானம் போட வேண்டும். விவசாயப் பொருள் அடங்கிய எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் பார்லிமெண்டில் வைத்து ஓட்டெடுப்பு நடத்த வேண்டும், மாநில அரசின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் வேண்டாம். ஒரு நகல் சங்கத்துக்கு. இன்னொன்றை எம்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அவர் ஊருக்கு வரும்போது சால்வையோடு அந்த ரசீதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.