அளவு வகுத்தால் மட்டும் போதாது

கடல் யாவர்க்கும் பொது என்று சொல்லுதல் எளிது. பொதுவானதைப் பங்கிடுவதே கடினம். வடகிழக்கு அத்திலாந்திக் மீன்பிடி ஆணைக்குழுவின் செயலகம் நாம் புகலிடம் பெற்று வாழும் இந்த லண்டன் மாநகரிலேயே இயங்குகிறது. அக்கடலைச் சூழ்ந்த நாடுகள் ஹெரிங் மீனைப் பங்கிடுவது குறித்து இங்கும் கூடிப் பேசியுள்ளன. எமது கரையோர மக்கள் நன்கறிந்த சூடை மீனின் இனத்தைச் சேர்ந்தது ஹெரிங். வெள்ளையர்களின் மீன், வெள்ளையர்களின் பிணக்கு என்று இதனை நாம் ஒதுக்கிவிடலாகாது. பாக்கு நீரிணையில் அல்லலுறும் எமது கடற்றொழிலாளருக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

வடகடலில் ஹெரிங் வரம்பின்றி அள்ளப்பட்டது. வளம் குன்றியதால் 1977இல் அதனைப் பிடிப்பதே தடைசெய்யப்பட்டது. தென்பகுதி 1981இலும், எஞ்சிய பகுதி 1983இலுமே மீண்டும் திறக்கப்பட்டன. அதே 1983இல் ஐரோப்பிய சமூகம் தனது பொது மீன்பிடிக் கொள்கையை வகுத்தது. ஆண்டுதோறும் பிடிக்கக்கூடிய மொத்த அளவை நிர்ணயிப்பதும், அதனை நிலையான வீதப்படி நாடுகளுக்குப் பகிர்வதும் அதன் அடிப்படை. வடகடல் ஹெரிங் அழிவிலிருந்து மீண்டது.

வடக்கே நோர்வேக் கடலில் நடந்ததோ வேறு. அங்கு வாழும் ஹெரிங்கைப் பகிர 2007இல் உடன்பாடு காணப்பட்டது. நோர்வேக்கு 61 வீதம். எஞ்சியதை ஐஸ்லாந்து, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், பரோ தீவுகள் பங்கிட்டன. தமது பங்கு போதாதென்று 2013இல் பரோ தீவுகள் விலகின. அதன்பின் வந்த ஆண்டுகளில் மொத்த அளவை ஏற்றுக்கொண்ட நாடுகள், தத்தமது பங்கைத் தாமே எடுத்துக்கொண்டன. எமக்குச் சமாதானத் தூதராக அறிமுகமான நோர்வேயும் இதற்கு விலக்கன்று. 2021இல் சுமார் 76 வீதத்தைத் தனக்கென ஒதுக்கியது. அவ்வாண்டு விஞ்ஞானிகள் பரிந்துரைத்த அளவு ஏறத்தாழ 6 இலட்சத்து 51 ஆயிரம் தொன். நாடுகள் தாமே வகுத்துக்கொண்ட பங்குகளின் கூட்டுத்தொகையோ எட்டு இலட்சம் தொன்னைக் கடந்தது. பங்கில் இணக்கமின்றேல் அளவு வெறும் ஏட்டுச் சுரைக்காயே.

நாடுகளுக்கிடையே பங்கிட்டாலும் நீதி முழுமை பெறாது. பிரித்தானியப் படகுகளில் முக்கால்வாசிக்கு மேற்பட்டவை பத்து மீற்றருக்குக் குறைந்த நீளமுடையவை. எனினும் ஒதுக்கீட்டில் அவற்றுக்குக் கிடைப்பது மிகச் சிறு பங்கே. பெருங்கப்பல் உரிமையாளர் கையில் பங்கு குவியும்போது சிறு தொழிலாளி கரையில் நிற்கிறான்.

இனி எமது கடலுக்கு வருவோம். பாக்கு நீரிணையில் பல இன மீன்கள் கலந்து வாழ்கின்றன. தொன் கணக்கில் அளவு வகுப்பது அங்கு எளிதன்று. ஆனால் நாளையும் வலையையும் பங்கிடலாம். தமிழகத்தின் பாக்கு நீரிணைக் கரையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்ற முறை இருந்து வருகிறது. ஆயினும் விசைப்படகுகளின் நாட்களில் யாழ்ப்பாண, மன்னார் மீனவர் தம் வலைகளை இழக்கும் அச்சத்தில் தொழிலுக்குச் செல்லத் தயங்குகின்றனர். போர்க்காலத்தில் கடலை இழந்திருந்தவர்களுக்கு இது இரண்டாவது இழப்பு.

2010 ஆகஸ்டில் சென்னையில் இருகரை மீனவர்களும் நேரில் கூடி ஓர் இணக்கம் கண்டனர். தமிழக இழுவைப் படகுகள் ஆண்டுக்கு 70 நாட்கள் மட்டும் வருவது, ஓராண்டுக்குள் இழுவை முறையையே கைவிடுவது என்பன அதன் சாரம். வலை வீசுவோர் தாமே வகுத்த பங்கு அது. அரசுகளின் அங்கீகாரம் அதற்குக் கிட்டவில்லை. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியா 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. அது குறித்த இலக்கை எட்டவில்லை. கைதும் படகுப் பறிமுதலும் மட்டுமே தொடர்கின்றன. சிறைப்படுபவனும் தமிழன், வலையிழந்து கரையில் அமர்பவனும் தமிழன்.

இழுவைமடி கடலடியைச் சுரண்டி நாளைய மீனையும் அழிக்கிறது. அது நிறுத்தப்பட வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அதனையே நம்பிக் கடன்பட்ட இராமேஸ்வரத்துத் தொழிலாளிக்கு மாற்றுவழி காட்டாத தடை நிலைக்காது. இரு அரசுகளும் 2010இன் இணக்கத்தைத் தூசி தட்டி எடுத்து, மீனவரையே மேசையில் அமர்த்தி, நாளையும் வலையையும் பங்கிட முன்வர வேண்டும். ஊரிலுள்ள உறவுகளுக்கு வலை வாங்கப் பணம் அனுப்பும் எமது மக்கள், அந்த வலையை விரிக்கக் கடல் வேண்டும் என்ற குரலையும் எழுப்ப வேண்டும். லண்டனில் ஹெரிங்குக்காக நாடுகள் கூடிப் பேச முடியுமாயின், ஒரே மொழி பேசும் இரு கரைகள் பேசுவது இயலாத காரியமன்று.