கயிறு யாருக்கு?

போன புரட்டாசிக் கடைசியில் எங்கள் தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தைக் கழித்தார்கள். ஏறியவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டி, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு இரண்டு மாடி உயரத்துக்குப் போய்விட்டார். கையில் நல்ல கயிறு இருந்தது. புது நைலான், விரல் தடிமன். அதை வெட்டப்போகும் கிளையில் கட்டி, மேல் கவை வழியாக விட்டு, முனையைக் கீழே நின்ற பெரியவரிடம் கொடுத்தார். கிளை மெதுவாக இறங்கியது. தண்ணீர் குடிக்க வந்தபோது, "தம்பி, உங்களுக்குக் கயிறு?" என்று கேட்டேன்.

"கீழ கார் நிக்குதுல்ல சார், அதுக்குத்தான் இது."

காருக்கு உரிமையாளர் இருந்தார், கேட்டார், கயிறு வந்தது. மேலே ஏறியவருக்காக யாரும் கேட்கவில்லை. கூலி பேசும்போது நானும் கேட்கவில்லை.

உயிருக்கு ஆபத்து என்பது தெரிந்த விஷயம். அதே கயிறு இல்லாததால் மரத்துக்கு என்ன ஆகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. கயிறில்லாமல் ஏறியவருக்கு ஒரு கை பிடித்துக்கொள்ளவே போய்விடும். கிளை நுனிவரை நடந்துபோக முடியாது. ஆகவே தண்டை ஒட்டி நின்று, கைக்கு எட்டிய பெருங்கிளையை மொத்தமாக வெட்டிவிடுகிறார். நம் தெருக்களில் மொட்டையடித்து நிற்கும் மரங்களின் உருவம் பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான். உச்சிக்கவையில் கயிற்றைப் போட்டுத் தொங்குகிறவர் நுனிக்குப் போய், விரல் பருமனுள்ள கிளைகளைக் கழித்தே சுமையைக் குறைத்துவிடுவார்.

அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நீளவாட்டில் பிளந்து பார்த்தவர். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று 1977-இல் விளக்கினார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். அதை விட்டு வெளியே வெட்டினால் சுவர் எழும்பும். பெருங்கிளையை நடுவில் வெட்டினால் உள்ளே அழுகும், வெட்டுவாயைச் சுற்றிப் பிடிப்பில்லாத துளிர்கள் கொத்தாகக் கிளம்பும். பார்வைக்குப் பச்சையாக இருக்கும் அந்தக் கொத்துகள்தான் அடுத்த காற்றில் முறிந்து விழுகிறவை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்ததற்கு வேர் ஓடவிடாத சிமென்டும் மரத் தேர்வும் காரணங்கள். நம் அரிவாளுக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளைஞர்கள் முதலில் வாங்க ஆசைப்படுவது இயந்திர ரம்பத்தை. நான் அதைக் கடைசியில் வாங்கச் சொல்வேன். முதலில் பெல்ட். கட்டட வேலைக்கு விற்கும் பெல்ட்டில் வளையம் முதுகில் இருக்கும். விழுகிறவரை அந்தரத்தில் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. மரக்காரரோ நாள் முழுக்கக் கயிற்றில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். தொடைக்கும் இடுப்புக்கும் அகலப் பட்டை, முன்பக்கத்தில் கயிறு மாட்டும் இடம், இரு இடுப்பிலும் வளையம் என்று அவருடைய பெல்ட்டே வேறு. கைப்பேசியில் அதன் படத்தை அந்தத் தம்பிக்குக் காட்டினேன். விலையைக் கேட்பார் என்று நினைத்தேன். "இதுல உக்காந்துக்கிட்டே வெட்டலாமா சார்?" என்றார்.

அடுத்தது கயிறு. மலையேற்றக் கயிறு வலுவானதுதான், ஆனால் நீளும். 80 கிலோ தொங்கும்போது பத்து சதவீதம் வரை நீள ஐரோப்பியத் தரவிதியே அனுமதிக்கிறது. விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள அந்த நீட்சி வேண்டும். ரம்பம் பிடிக்கிறவருக்கோ அது ஊஞ்சல். மரத்துக்கு 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனில், அதிகம் நீளாத வகை வேண்டும். அந்த வகைக்கான தரவிதி குறைந்தது 22 கிலோநியூட்டன், ஏறத்தாழ 2,200 கிலோ, தாங்கச் சொல்கிறது. கயிற்றில் ஏறி இறங்க விலையுயர்ந்த கருவிகள் வந்துவிட்டன. தொடங்குகிறவர் முடிச்சிலேயே பழகலாம். ஆஸ்திரிய மலையேறி கார்ல் ப்ரூசிக் 1931-இல் எழுதி வைத்த முடிச்சு எடை விழுந்தால் இறுகும், எடை எடுத்தால் நகரும். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கி ஒரு வாரம் பழகினால் கைக்கு வந்துவிடும்.

காலில் கட்டும் இரும்பு முள்ளை, வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். உயிர்மரத்தில் ஒவ்வோர் அடியும் ஒரு காயம். தென்னையில் படி வெட்டி ஏறுவதும் இப்படித்தான். தென்னைக்குக் காயத்தை மூடும் திசுவே கிடையாது. வெட்டிய படி மரம் உள்ளவரை இருக்கும்.

தென்னையிலிருந்து கற்க வேறொன்று உண்டு. ஏற ஆளில்லாமல் தேங்காய் மரத்திலேயே முற்றியபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் கேரளத்தில் 'தென்னையின் நண்பர்கள்' பயிற்சியைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி, ஏறும் கருவி இலவசம், விபத்துக் காப்பீடு. பெண்களும் வந்து கற்றார்கள். பிறகு தமிழகத்துக்கும் வந்தது. பனையேறிகளுக்கு இங்கே நல வாரியம் இருக்கிறது. தெருமரம் கழிக்கிறவருக்கு ஏன் இந்தப் பரிவு வரவில்லை? தென்னையில் ஆள் கிடைக்காததால் நட்டம் தோப்புக்காரருக்கு. தெருமரத்தில் வெறுங்காலோடு ஏற ஆள் இன்னும் கிடைக்கிறார். அவசரம் யாருக்கு?

நல்ல பெல்ட், கயிறு, ஹெல்மெட், இடுப்பிலிருந்து தண்டைச் சுற்றும் துணைக்கயிறு எல்லாம் சேர்ந்தால் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். மரத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி வேலைக்கு வருகிறவரை இதை வாங்கச் சொல்வது கேலி. வேலை கொடுக்கிறவர்தான் கொடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் கிளை கழிக்க வேலை ஆணை எழுதும் நகராட்சியும் குடியிருப்புச் சங்கமும் அதில் இரண்டு வரி சேர்க்கலாம். ரம்பம் ஓடும்போது ஏறியவர் இரண்டு இடத்தில் மரத்தோடு பிணைந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. அமெரிக்க மரப் பராமரிப்புத் தரவிதி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ரம்பம் நழுவினால் ஒரு கயிறு போனாலும் இன்னொன்று நிற்கும். மேலே அடிபட்டோ மயங்கியோ ஒருவர் தொங்கினால், ஏறி அவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே நிற்க வேண்டும் என்பது மற்றது. பட்டையில் அசைவில்லாமல் தொங்குகிறவருக்குக் காலில் இரத்தம் தேங்கும். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது.

எங்கள் தெருவில் அன்று கீழே நின்றவர் அறுபதைத் தாண்டியவர். ஒரு கண்ணில் புரை. கிளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மேலே இருந்தவர்தான் அவருக்குக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.