தெரிந்தவரிடம் அல்ல, பள்ளியிடம் கேளுங்கள்

சட்டம் படிக்கும் எங்களுக்குத் தேர்வைவிட அதிகக் கவலை தருவது பயிற்சி இடம் கிடைப்பதுதான். சிங்கப்பூரில் வழக்கறிஞராகத் தொழில் செய்ய, பட்டமும் வழக்கறிஞர் தேர்வுத் தேர்ச்சியும் போதாது. நடைமுறைப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். ஆறு மாதமாக இருந்த அந்தப் பயிற்சிக் காலம் 2024 முதல் ஓராண்டாகியுள்ளது. விடுமுறையில் வேலைப் பயிற்சிக்கு வந்தவர்களிலிருந்தே நிறுவனங்கள் பலரைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆகவே, அந்த முதல் வாய்ப்பு யாருக்குப் போகிறது என்பது முக்கியம்.

இங்கு தேசியப் பல்கலைக்கழகம், நிர்வாகப் பல்கலைக்கழகம், சமூக அறிவியல் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் சட்டம் பயிலலாம். பல்கலைக்கழக வேலைவாய்ப்புப் பிரிவுக்கு ஒரு நிறுவனம் அறிவிப்பு அனுப்பினால், அது எல்லா மாணவர் கண்ணிலும் படும். பெரிய நிறுவனங்கள் இந்த வழியை நன்கு பயன்படுத்துகின்றன. விளக்கக் கூட்டம் நடத்துகின்றன. வேலைவாய்ப்புக் கண்காட்சிக்கு வருகின்றன.

ஆனால் சிங்கப்பூர்ச் சட்ட நிறுவனங்களில் பெரும்பாலானவை ஐந்து பேருக்கு மேல் வழக்கறிஞர்கள் இல்லாத சிறு நிறுவனங்கள். மணவிலக்கு, உயில், குற்ற வழக்கு எனச் சாதாரண மக்களின் சிக்கல்களைத் தீர்ப்பவை அவை. அங்கே பல இடங்கள் நண்பரின் மகளுக்கோ கட்சிக்காரரின் மருமகனுக்கோ வாய்மொழியாகவே போய்விடுகின்றன. குடும்பத்தில் ஒரு வழக்கறிஞர்கூட இல்லாத மாணவருக்கு அப்படி ஓர் இடம் இருந்ததே தெரியாது.

“எங்களிடம் மனிதவளப் பிரிவு இல்லை, நேரமும் இல்லை” என்று சிறு நிறுவனங்கள் சொல்லலாம். அரைப் பக்க மின்னஞ்சல் போதுமே! என்ன வேலை, யார் கற்றுக்கொடுப்பார், எத்தனை வாரம், படித்தொகை எவ்வளவு, முடிவு எப்போது தெரியும் என்ற ஐந்து விவரங்கள் இருந்தால் சரி. தொகை குறைவு என்றால் அதையும் மறைக்காமல் எழுதலாம். மே மாதம் தொடங்கும் விடுமுறைக்குச் சில மாதங்கள் முன்பே அறிவித்தால், தேர்வுப் பரபரப்பில் நேர்காணல் சிக்காது.

உங்களுக்கு எப்படிப்பட்டவர் தேவை என்பதையும் சொல்லுங்கள். வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு கேட்டு வரும் தமிழ் ஊழியர் தம் கதையைத் தமிழில்தான் முழுமையாகச் சொல்வார். ‘தமிழ் பேசத் தெரிந்தவர் விரும்பத்தக்கது’ என்ற ஒரு வரி, மதிப்பெண் பட்டியல் காட்டாத திறமையைக் கண்டெடுக்கும்.

மாணவர்களான நமக்கும் இதில் பொறுப்புண்டு. பெயர் பெற்ற பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு, பேட்டைக் கடைவீட்டு மாடியில் இயங்கும் அலுவலகத்தின் அறிவிப்பைக் கடந்துவிடுகிறோம். யாரும் விண்ணப்பிக்காவிட்டால், அந்த வழக்கறிஞர் அடுத்த ஆண்டு மறுபடியும் நண்பரின் மகளைத்தான் அழைப்பார்.