பேர் கேள்விப்படலையா? மெஷினைக் கேளுங்க!

"அந்த பிராண்டா? பேரே கேள்விப்பட்டதில்லையே. டப்பாவா இருக்கும், விட்டுடுங்க."

மரவேலை மெஷின் வாங்கணும்னு யாராவது வாயைத் திறந்தா போதும், இந்தத் தீர்ப்பு ரெடியா வந்து விழும். சொல்றவர் அந்த மெஷினைத் தொட்டிருக்க மாட்டார். ஓடுற சத்தத்தைக் கூட கேட்டிருக்க மாட்டார். பேர் காதுல விழல, அதனால சரக்கு மட்டம். அவ்ளோதான் விசாரணை. ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சிட்டு இருந்தது மக்கா, இன்னிக்குக் கொட்டிடறேன்.

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடிச்சுப் பாக்கறோம். தேங்காயைத் தட்டி, காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாக்கறோம். சந்தையில மாடு பிடிக்கறவர் பல்லைப் பாக்கறார், சுழி பாக்கறார், நாலு அடி நடக்கவிட்டுப் பாக்கறார். "இந்த மாடு எந்த கம்பெனி?"ன்னு கேட்டு யாராவது வாங்கியிருக்காங்களா? கால் கிலோ வெண்டைக்காய்க்குக் கிடைக்கிற மரியாதை ஆயிரம் டாலர் மெஷினுக்குக் கிடையாது. என்ன கொடுமை இது!

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: நான் அமெரிக்காவுல பொட்டி தட்டற ஆளு. சனி ஞாயிறு மட்டும் கராஜ்ல ஆசாரி. அதனால கீழே வர்ற உதாரணமெல்லாம் இந்த ஊர் மார்க்கெட்டுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். "நல்ல பேர்", "நல்ல பேர்"னு சொல்றீங்களே, அந்தப் பேர் இப்போ யார் கையில இருக்குன்னு எப்பவாவது பாத்திருக்கீங்களா?

டெல்டாவை எடுத்துக்கோங்க. 1919-ல மில்வாக்கியில ஹெர்பர்ட் டாட்ஸ் என்பவர் ஆரம்பித்த கம்பெனி. 1945-ல ராக்வெல் வாங்கியது. 1984-ல பென்டேருக்குப் போனது. 2004-ல பிளாக் அண்ட் டெக்கர். 2010-ல அவங்களே ஸ்டான்லியோட இணைந்தாங்க. 2011-ல டெல்டா பேரை வாங்கினது தைவானைச் சேர்ந்த சாங் டைப் என்கிற கம்பெனி. தாத்தா காலத்து டெல்டா டேபிள் சா இரும்புக் கோட்டை மாதிரி இருந்தது உண்மைதான், நானே தடவிப் பாத்து ஏங்கியிருக்கேன். ஆனா அந்த இரும்பை ஊத்தினவனுக்கும் இன்னிக்கு அந்த எழுத்தை ஒட்டறவனுக்கும் நடுவுல இத்தனை கை மாறியிருக்கு. பேர் ஒண்ணுதான் மாறல. கப்பல்ல ஏறி வந்த சாங் டைப் பேரையே நேரா ஒட்டி வித்திருந்தா, நம்ம அண்ணாச்சிகள் "பேரே கேள்விப்படலையே"ன்னுதான் சொல்லியிருப்பாங்க :-)

கிராஃப்ட்ஸ்மேன் இன்னும் தமாஷ். 2017 வரை சியர்ஸ் கடையோட சொந்த பிராண்டா இருந்தது. ஆனா சியர்ஸ் மெஷின் செய்யற கம்பெனியே இல்ல. வேற வேற கம்பெனிகள் செஞ்சு கொடுத்ததை அந்தப் பேர்ல வித்தது. 1958-லிருந்து 1992 வரை அந்தக் கடையில வித்த ரேடியல் ஆர்ம் சாக்களை, பிளேடு முழுசையும் மூடற கார்டு இல்லைன்னு 2000-ல ரீகால் செஞ்சாங்க. செய்தது எமர்சன். எண்ணிக்கை சுமார் 37 லட்சம். அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு தெரிஞ்ச பேருங்க அது! பேர் தெரிஞ்சிருந்தா விரல் பத்திரமா இருக்கும்னு நம்பினவங்க எத்தனை பேரோ.

எதிர்ப்பக்கமும் பாருங்க. கிரிஸ்லி 1983-ல வாஷிங்டன் மாநிலம் பெல்லிங்ஹாம்ல ஷிராஸ் பலோலியா ஆரம்பிச்சது. தைவான் மெஷினை இறக்குமதி பண்ணி, நடுவுல டீலர் இல்லாம, கேட்டலாக் அனுப்பி நேரா வித்தாங்க. அப்போ அதுவும் "பேர் தெரியாத பிராண்ட்"தான். இன்னிக்கு அதே பச்சை மெஷினை வச்சிருக்கறவர்தான் புதுசா வர்ற பிராண்டைப் பாத்து மூக்கைச் சுளிக்கறார். அவருக்கு யாராவது கொசுவத்தி சுத்திக் காட்டினா தேவலை.

இதுக்கு நேர் எதிர்ல இன்னொரு கோஷ்டி இருக்கு. இவங்க மேலயும் எனக்குக் காண்டுதான். "எல்லாம் ஒரே ஃபாக்டரிங்க, ஸ்டிக்கர் மட்டும்தான் வேற. சீப்பா இருக்கறதை வாங்கிப் போடுங்க" கோஷ்டி. பாதி உண்மை, அதனாலதான் ஆபத்து. தைவான்ல தாய்ச்சுங் பக்கம் மரவேலை மெஷின் பட்டறைகள் நெருக்கி அடிச்சுகிட்டு இருக்கு. ஒரே பட்டறை பல பேருக்குச் செஞ்சு கொடுக்குது. அதுல பெரும் பகுதி பிறகு சீனாவுக்கும் போச்சு. டெல்டாவோட 14 இஞ்ச் பேண்ட் சா இருக்கே, அந்த வார்ப்பு அச்சைப் பாத்து எத்தனை பேர் நகல் எடுத்தாங்கன்னு எண்ண முடியாது. தூரத்துல நின்னு பாத்தா எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைங்க.

ஆனா ஒரே சமையற்கட்டுல கல்யாணச் சாப்பாடும் சமைக்கலாம், ஹோட்டல் பார்சலும் கட்டலாம். வாங்கறவன் என்ன கேக்கறானோ அதுதான் வரும். வார்ப்பிரும்பை ஊத்தின கையோட கடைஞ்சா, உள்ளே இருக்கற இறுக்கம் மெதுவா வெளிய வந்து டேபிள் முறுக்கிக்கும். அதை ஆறப்போட்டு, இல்லைன்னா சூடேத்தி இறுக்கம் தணிச்சுக் கடையணும். அதுக்கு நேரம், நேரத்துக்குக் காசு. அந்தக் காசைக் கொடுக்காத பிராண்டுக்கு அதே அச்சு, அதே ஆளுங்க, ஆனா வேற டேபிள். பேரிங் தரம், மோட்டார் கம்பி, கடைசியா எத்தனை மெஷினை "இது தேறாது"ன்னு திருப்பி அனுப்பறாங்க, எல்லாம் பேரத்துல முடிவாகறது. பவர்மேட்டிக்கும் ஜெட்டும் இன்னிக்கு ஒரே முதலாளியோடதுதான். ஒண்ணு மஞ்சள், ஒண்ணு வெள்ளை. அதுக்காக ரெண்டும் ஒரே மெஷின்னு சொன்னா நம்பிடுவீங்களா?

ஆக, ஸ்டிக்கரைப் பாத்து ஏத்துக்கறதும் தப்பு, ஸ்டிக்கரைக் கிழிச்சுப் போட்டு "எல்லாம் ஒண்ணு"ங்கறதும் தப்பு. ரெண்டு கோஷ்டியும் ஒரே காரியத்தைத்தான் செய்யுது: மெஷின் பக்கத்துல போகாம தப்பிக்கப் பாக்குது.

பக்கத்துல போனா என்ன பாக்கணும்? பேண்ட் சாவையே வச்சுப் பேசறேன், எனக்கு அதோடதான் புழக்கம் அதிகம்.

முதல்ல மோட்டார் தகடு. வெளிய பெட்டியில பெருசா போட்டிருக்கற ஹெச்.பி.யைப் பாக்காதீங்க, தகட்டுல எத்தனை ஆம்ப்னு பாருங்க. அமெரிக்க வீட்டு பிளக் 120 வோல்ட், 15 ஆம்ப். பெருக்கினா 1800 வாட். ஒரு ஹெச்.பி. 746 வாட். ஒரு சொட்டு நஷ்டம் இல்லாத தேவலோக மோட்டாரா இருந்தாலும் 2.4 ஹெச்.பி.க்கு மேல அந்த பிளக்ல இருந்து வராது. நிஜத்துல ஒன்றரை, மிஞ்சிப் போனா ஒண்ணே முக்கால். அந்த பிளக்ல 3 ஹெச்.பி. ஓடுதுன்னு எழுதினா, எழுதினவன் எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் அது புளுகு. (ஊர்ல 230 வோல்ட், அதனால எண் மாறும். கணக்கு அதேதான்.)

அடுத்து ஒரு காந்தம். டேபிள்ல ஒட்டுதா? ஒட்டலைன்னா அலுமினியம். சின்ன மெஷினுக்குப் பரவாயில்ல, ஆனா "இரும்பு"ன்னு சொல்லி வித்தா சண்டை போடலாம். அப்புறம் ஸ்ட்ரெய்ட் எட்ஜை டேபிள் மேல குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டமும் வச்சு, அடியில ஃபீலர் கேஜ் தகடு நுழையுதான்னு பாருங்க. இங்க ஒண்ணு சொல்லணும். பேண்ட் சா டேபிள்ல கால் மில்லிமீட்டர் பள்ளம் இருந்தா ஒண்ணும் குடி முழுகாது. அதே கால் மில்லிமீட்டர் ஜாயின்டர்ல இருந்தா அது மெஷினே இல்ல, பழைய இரும்புக்குப் போடலாம். எந்த மெஷினுக்கு எது முக்கியம்னு தெரியாம அளக்கறதும் வெட்டி வேலைதான்.

பிளக்கைப் பிடுங்கிட்டு மேல் சக்கரத்தைக் கையால சுத்துங்க. விளிம்புகிட்ட ஒரு பென்சிலை அசையாம பிடிச்சா, சக்கரம் ஆடுதா இல்லையான்னு கண்ணுக்கே தெரியும். பிறகு, கைடு மாட்டின தண்டை மேலே ஏத்தி ஒரு தடவை, கீழே இறக்கி ஒரு தடவை, பிளேடுக்கும் கைடுக்கும் இடைவெளி பாருங்க. மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவுன்னா ஃபிரேமோ தண்டோ கோணல். சில மெஷின்ல அதைச் சரி பண்ண திருகே இருக்காது. அப்படின்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. கடைக்காரங்க ஓடற மெஷின் மேல அஞ்சு சென்ட் நாணயத்தை நிக்க வச்சுக் காட்டுவாங்க. பாக்க அழகா இருக்கும். மெஷின் அதிரலைன்னு தெரியும். நேரா அறுக்குமான்னு நாணயம் சொல்லாது.

முக்கியமா, கூட வர்ற பிளேடை வச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க! அனேகமா எல்லா கம்பெனியும் பேருக்கு ஒரு பிளேடு போட்டுத்தான் அனுப்பறான். அதை வச்சு ஆறு இஞ்ச் மரத்தை அறுத்து, அது வாழைக்காய் மாதிரி வளைஞ்சு வந்ததும் "சைனா டப்பா"ன்னு எழுதறதுல என்ன நியாயம்? கொஞ்சம் செலவு பண்ணி, இஞ்ச்சுக்கு மூணு பல் இருக்கற நல்ல பிளேடு போட்டு அறுத்துட்டுப் பேசுங்க. மழுங்கின இழைப்புளியை வச்சுகிட்டு மரத்தைத் திட்டற ஆசாரியை ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னு தெரியும்தானே.

இப்போ பேர் பெத்த கம்பெனிக்கு நியாயமா சேர வேண்டியதைக் கொடுத்துடறேன். பேர் நிஜமாவே வேலை செய்யற இடம் ஒண்ணு உண்டு: ஸ்பேர் பார்ட்ஸ். என் கராஜ்ல நிக்கறது பெரும்பாலும் யாருக்கும் தெரியாத பிராண்ட் 14 இஞ்ச். பேர் சொல்ல மாட்டேன், ஏன்னா அடுத்த வரி திட்டு. மெஷின் நல்லா இருக்கு. சக்கரம் ஆடல, தண்டு நேரா இறங்குது, எட்டு இஞ்ச் மேப்பிளைச் சத்தமில்லாம அறுக்குது. டேபிளைத் தாங்கற அரைவட்டத் துண்டு ஒண்ணு விரிசல் விட்டது. கம்பெனிக்கு மெயில் போட்டேன், போன் போட்டேன். ஏழு வாரம் கழிச்சு "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" ரகத்துல ஒரு பதில். துண்டு வரவே இல்ல. கடைசியில ஒரு பட்டறையில காட்டி இரும்புல கடைஞ்சு வாங்கினேன், 90 டாலர். அதனால என் தீர்ப்பு: மெஷின் நல்லது, கம்பெனி மட்டம். இதை ரெண்டா பிரிச்சுச் சொல்லத் தெரியாதவங்கதான் எல்லாத்தையும் "டப்பா"ங்கற ஒரே வார்த்தையில அடைக்கறாங்க.

வாங்கறதுக்கு முன்னாடியே இதைச் சோதிக்கலாம். பார்ட்ஸ் படம் போட்ட புத்தகம் இருக்கா? பேரிங்ல 6203 மாதிரி பொது நம்பர் அடிச்சிருக்கா? 6203-ன்னா உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மில்லிமீட்டர். கோயமுத்தூர்லயும் கிடைக்கும், கிளீவ்லேண்ட்லயும் கிடைக்கும். கம்பெனி செத்தே போனாலும் மெஷின் சாகாது. மாறா, முக்கிய இடமெல்லாம் அவங்க மட்டுமே அச்சடிக்கற பிளாஸ்டிக்னா, விலை பாதியா இருந்தாலும் யோசிங்க. ஒரு சின்ன பார்ட்டை இப்பவே காசு கொடுத்து ஆர்டர் பண்ணிப் பாருங்க. எத்தனை நாள்ல வருதோ, அதுதான் அந்தக் கம்பெனியோட ஜாதகம்.

இவ்ளோ கோவம் எதுக்குன்னு கேக்கலாம். நண்பர் ஒருத்தர். வேலை போயிருந்த நேரம். இங்க இருக்கற நம்ம வீடுகளுக்குப் பல்லாங்குழிப் பலகை, கொலுப்படி செஞ்சு விக்கலாம்னு இறங்கினார். கையில இருந்த காசுக்குப் பேர் தெரியாத ஒரு பேண்ட் சா கிடைச்சது. வாங்கற நேரத்துல நாலு பெரியவங்க கூடி, "பெரிய பிராண்ட் வாங்க முடிஞ்சா வாங்குங்க, இல்லைன்னா சும்மா இருங்க"ன்னு அடிச்சுச் சொன்னாங்க. அவர் வாங்கல. சும்மாவும் இருக்கல. வீட்ல இருந்த பழைய டேபிள் சாவுலயே சின்னக் கட்டைகளை அறுத்தார். ரொம்பப் பெரிய பேர் உள்ள மெஷின் அது, ஆனா அறுத்த வாய் மூடாம பிளேடுக்குப் பின்னாடி நிக்கற ரிவிங் நைஃப் கிடையாது. கட்டை பிளேடுல மாட்டி எகிறியது. நடுவிரல் நுனி போச்சு. பேண்ட் சாவும் விரலை எடுக்கும், ஆனா அதுல பிளேடு மேலிருந்து கீழே டேபிளை நோக்கி ஓடறதால கட்டை ஆள் மேல எகிறி வராது. சின்னக் கட்டைக்கு அதைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. அந்த நாலு பெரியவங்களைத் தவிர.

அவங்கள்ல ஒருத்தர் கூட அந்த மெஷினைப் பாத்ததில்லைங்கறதுதான் எனக்கு ஆறவே இல்ல. "எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஒம்பது எழுத்துதானே, அதைச் சொல்ல அவ்ளோ கஷ்டமா?

நண்பர் இந்த வருஷம் திரும்ப ஆரம்பிச்சிருக்கார். பேர் தெரியாத 14 இஞ்ச்தான். பெட்டி பிரிச்ச அன்னிக்கு காந்தம், பென்சில், ஃபீலர் கேஜோட நானும் போயிருந்தேன். டேபிள் நடுவுல 0.15 மில்லிமீட்டர் பள்ளம், மோட்டார் தகட்டுல 14 ஆம்ப், கீழ் சக்கரம் பேரிங் 6204. மேல் டயர் ஒரு இடத்துல சரியா ஒட்டாம இருந்தது, போன் பண்ணினோம். ஆறாவது நாள் புது டயர் வந்துடுச்சு.

பி.கு.: எனக்கு எந்தக் கம்பெனியும் மெஷின் ஓசியில கொடுக்கல. கொடுத்தா வாங்கிப்பேன், ஆனா அதைப் பத்தி எழுத மாட்டேன் :-)