முப்பது ஆண்டுத் தற்காலிகம்

ராதாபுரம் வட்டத்து ஊர்கள் வானம் பார்த்தவை. கால்வாயில் தண்ணீர் வந்தால் குளம் பெருகும்; வராத ஆண்டுகளில் பனையும் கடலுமே கைகொடுக்கும். இத்தகைய ஊர்களில் ‘அரசாங்க வேலை’ என்ற சொல்லுக்குள்ள மதிப்பை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அங்கன்வாடி உதவியாளராகவோ, சத்துணவுக் கூடச் சமையலராகவோ, அலுவலகக் காவலராகவோ ஒருவர் சேர்ந்துவிட்டால், அவர் முதுமைக்கு இனிக் கவலையில்லை என்றே ஊரார் எண்ணுகின்றனர். அவர் ஓய்வு பெறும் நாளில்தான் உண்மை வெளிப்படுகிறது. முப்பது ஆண்டுகள் உழைத்தும் அவர் ஏடுகளில் ‘தற்காலிகப் பணியாளர்’. தொகுப்பூதியமோ மதிப்பூதியமோ தினக்கூலியோ பெற்றவர்.

சிந்தித்துப் பார்ப்போம். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. தமிழகத்தில் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை முதல் நாள் தொடங்கியது. திட்டங்கள் நிலைத்துவிட்டன, தலைமுறைகள் அவற்றால் வளர்ந்துவிட்டன. ஆனால் அடுப்படியில் நின்றவர்களும் குழந்தைகளைத் தூக்கிச் சுமந்தவர்களும் நிரந்தர ஊழியர் வரிசையில் சேரவில்லை. தமிழக அரசு இவர்களுக்குச் சிறப்பு ஓய்வூதியமும், ஓய்வின்போது ஒரு மொத்தத் தொகையும் வழங்குகிறது என்பது உண்மையே. எனினும் நிரந்தர ஊழியர் பெறுவதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது.

‘நிரந்தரம் இல்லை, ஆகவே உரிமையும் இல்லை’ என்று பலர் மனத்தைத் தேற்றிக்கொள்கின்றனர். இவ்வெண்ணம் தவறு என்பதே இம்மாதம் நாம் சொல்ல விரும்புவது.

முறையான தேர்வின்றிச் சேர்ந்தவர் தம்மை நிரந்தரமாக்கும்படி உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு உமாதேவி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தோரை ஒரு முறை மட்டும் வரன்முறை செய்யவும் அது கூறியது. அத்தீர்ப்பையே கேடயமாகப் பிடித்து, நெடுங்காலம் உழைத்தவரைத் தள்ளிவிடலாகாது என்று 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் எச்சரித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் துப்புரவும் தோட்டவேலையும் செய்த எளியவர்கள்.

நிரந்தரம் ஒரு கேள்வி. பணிக்கொடை வேறொரு கேள்வி. சத்தீஸ்கர் மாநிலத்தில் ஒருவர் இருபத்திரண்டு ஆண்டுகள் தினக்கூலியாகவும், இறுதி மூன்றாண்டுகள் நிரந்தர ஊழியராகவும் பணியாற்றினார். மூன்றாண்டு நிரந்தரப் பணி போதாது என்று அரசு பணிக்கொடையை மறுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம், இருபத்தைந்து ஆண்டுகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்றது. குஜராத் அங்கன்வாடிப் பணியாளர்களின் வழக்கில் 2022 ஏப்ரல் 25ஆம் நாள், அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று அது தீர்ப்பளித்தது. அவர்கள் பெறுவது ‘மதிப்பூதியம்’ என்று பெயரிடப்பட்டிருப்பினும், சட்டத்தின் கண்ணில் அது ஊதியமே.

கணக்கு எளிது. கடைசி மாத ஊதியத்தை இருபத்தாறால் வகுத்துப் பதினைந்தால் பெருக்கினால் ஓராண்டுப் பங்கு கிடைக்கும். ஊதியம் 7,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 4,500 ரூபாய். முப்பது ஆண்டுகளுக்கு 1,35,000 ரூபாய். 2025 நவம்பரில் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின்பும் இப்பதினைந்து நாள் கணக்கு மாறவில்லை.

பின்னாளில் நிரந்தரமானவர்களுக்கு மற்றொன்று. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978இன் பதினோராம் விதிப்படி, 2003 ஏப்ரல் முதல் நாளுக்கு முன் முறையான பணியில் ஈர்க்கப்பட்டவர், தாம் முன்னர்த் தொகுப்பூதியத்திலோ தினக்கூலியிலோ உழைத்த காலத்தில் பாதியை ஓய்வூதியத்துக்குச் சேர்த்துக் கணக்கிடக் கோரலாம். இதை அறியாமலே ஓய்வு பெற்றுச் சென்றவர் எத்தனை பேரோ!

ஓய்வூதியம் ஆள்வோர் இடும் பிச்சையன்று, கடந்த உழைப்பின் கைம்மாறு என்று 1982ஆம் ஆண்டு நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உணர்த்தியது. அதற்கு முந்திய ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உழைப்பைப் பற்றி விடுத்த சுற்றுமடலும் முதுமைக்கால ஓய்வூதியத்தைத் தொழிலாளரின் உரிமைகளுள் ஒன்றாகவே எண்ணியது.

ஆனால் உரிமை தாளில் நிற்கிறது, தாளோ தொலைந்துவிடுகிறது. பணியில் சேர்ந்த ஆணை, ஊதியச் சீட்டு, வங்கிப் புத்தகம், வருகைப் பதிவின் நகல் ஆகியவற்றை இன்றே ஓர் உறையிலிட்டு வையுங்கள். ஓய்வு பெற்றதும் காலந்தாழ்த்தாது எழுத்தால் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். மறுக்கப்பட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென அமர்த்தப்பட்ட அதிகாரியிடம் முறையிடலாம்.

எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் குடும்பங்களில் பலர் உள்ளனர். தமக்குச் சோறு சமைத்துப் போட்ட அந்தத் தாயின் வீட்டுக்கு ஒரு ஞாயிறு மாலை சென்று, அவர் தாள்களை ஒழுங்குசெய்து, ஒரு விண்ணப்பம் எழுதிக்கொடுக்க அவர்களால் இயலாதா? அவர் உண்டாக்கிய உணவு நம் பிள்ளைகளின் உடலில் நிரந்தரமாகிவிட்டது. அவர் உழைப்பு மட்டும் தற்காலிகமாக இருப்பது முறையன்று.