காந்தம் கட்டினால் உப்புப் படியாதா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தருகே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்களைக் காணலாம். நம் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் வெள்ளையையும் 'உப்பு' என்றே சொல்கிறோம். குழாயில் ஒரு காந்தத்தைக் கட்டினால் போதும், இந்த உப்புப் படியாது என்கிறார்கள் அதை விற்பவர்கள். உண்மைதானா?

பானையில் படிவது உப்பே அல்ல, சுண்ணாம்பு! உப்பாக இருந்தால் தண்ணீர் விட்டதும் கரைந்துவிடுமே. இந்த வித்தியாசத்தை உப்பளமே காட்டுகிறது. உவர்நீர் வெயிலில் சுண்டும்போது முதலில் சுண்ணாம்பு படிகிறது, அடுத்து ஜிப்சம். போமே அளவில் சுமார் 25 டிகிரியை எட்டிய பிறகே உப்பு விளைகிறது. அடுப்பிலும், கீசரிலும் முந்திக்கொண்டு படிவது அந்தச் சுண்ணாம்புதான். படிவு தடிக்கத் தடிக்க எரிபொருளும் மின்சாரமும் வீணாகின்றன.

காந்த யோசனை புதிதல்ல. பெல்ஜியத்தில் வெர்மேரன் என்பவர் 1945-ல் இதற்குப் பேடண்டு பெற்றார். சோவியத் நாட்டில் கொதிகலன்களுக்கும் இதைப் பயன்படுத்தினார்கள். காந்தம் சுண்ணாம்பை நீக்குவதில்லை. அதை ஒட்டாத தூளாக மாற்றுகிறது என்பது ஆதரவாளர் வாதம். சில சோதனைகளில் பலன் தெரிந்தது, பலவற்றில் தெரியவில்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆராய்ச்சிக்கூடம் மூன்று கருவிகளைச் சோதித்து, படிவு குறையவில்லை என்று 2001-ல் அறிக்கை வெளியிட்டது.

ஆகவே, பணத்தைக் கொடுக்குமுன் நீங்களே பரீட்சை செய்யுங்கள். காந்தம் கட்டிய குழாயின் நீரை ஒரு பாத்திரத்திலும், கட்டாத குழாயின் நீரை அதே மாதிரியான இன்னொன்றிலும் ஒரு வாரம் ஒரே அளவாகக் காய்ச்சிப் பாருங்கள். பலனில்லாவிட்டால் பணம் வாபஸ் என்று எழுதி வாங்குங்கள்.

நிச்சயமான வழி ஒன்று உண்டு. ரெசின் நிரப்பிய 'சாப்ட்னர்' கருவி சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. ரெசின் களைத்துவிட்டால் உப்புக் கரைசலால் கழுவ, மீண்டும் வேலை செய்யும். ஆனால் உவர்ப்பு இதனால் போகாது. உப்பைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்னவர்கள் அந்த நீரைக் குடிக்குமுன் அவரைக் கேட்பது நல்லது. ஏற்கெனவே படிந்ததைக் கரைக்க எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும்.

காந்தம் செய்வதாகச் சொல்லும் வேலையை, மரக்காணத்துப் பாத்தியில் விளையும் சாதாரண உப்பு சந்தேகத்துக்கு இடமின்றிச் செய்துவிடுகிறது!